அறுவைக்கு முன் பதினான்கு நாட்கள்

(நமது மருத்துவமனையின் ஆண்டு ஸ்தோத்திரக் கூடுகையில், ஊழியப் பங்காளர்கள் மத்தியில் நமது மருத்துவர் அம்மா அவர்கள் ஆற்றிய உரை. அன்று வர இயலாமற்போன பங்காளர்கள் பலர் கேட்டுக்கொண்டபடியால் இங்கே வெளியிடுகிறோம். நோயாளியும் அவர் குடும்பத்தாரும் சம்மதம் கொடுத்திருக்கிறார்கள். பெயரும் ஊரும் தவிர்க்கப்பட்டுள்ளன. - ஆசிரியர்)



போன வருஷக் கூடுகை முடிந்து, தேநீர் குடித்துக்கொண்டிருக்கையில், ஒரு பெரியவர் என்னிடம் வந்தார். நமது ஊழியத்தை ஆரம்பம் முதல் தாங்கி வருகிறவர். கையில் கணக்குத் தாளை வைத்துக்கொண்டு, "டாக்டரம்மா, இதிலே காத்திருப்பு நிதி என்று ஒரு தலைப்பு இருக்கிறதே, அது என்ன? ஊசிக்கு, மருந்துக்கு, கட்டிலுக்குக் கொடுப்பது எனக்குப் புரிகிறது. சும்மா படுத்திருக்கிறவனுக்கும் நாம் காசு கொடுக்கிறோமா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அங்கே நின்றபடியே நான் சொன்ன பதில் அவருக்கும் திருப்தியாயில்லை, எனக்கும் திருப்தியாயில்லை. இன்றைக்கு அந்தத் தலைப்பைத் தொடருவதா எடுத்துவிடுவதா என்று கமிட்டி தீர்மானிக்கப் போகிறபடியால், ஒரே ஒரு நோயாளியின் கதையைச் சொல்லி அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லப் பார்க்கிறேன். வியாதி அபூர்வமானது. வாழ்நாளெல்லாம் மருத்துவம் பார்த்தும் ஒரு நோயாளியைக்கூடக் காணாத டாக்டர்கள் உண்டு.

அந்த வாலிபனுக்கு வயது 26. பாலாற்றுக்குத் தெற்கே ஒரு கிராமம். ஒரகடம் பக்கத்தில் வாகன உதிரி பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் பிரஸ் மெஷினில் வேலை. உங்களில் வயதானவர்களுக்கு இந்தப் பகுதி ஏரியும் வயலுமாய் இருந்தது ஞாபகம் இருக்கும். 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தி தொடங்கியது. 2010இல் ஒரகடத்தில் இன்னொரு பெரிய கார் ஆலை. பிறகு லாரி, மோட்டார் சைக்கிள், டயர், அலைபேசி என்று வந்துகொண்டே இருக்கின்றன. சுங்குவார்சத்திரத்தில் ஒரு அறையில் ஆறு பேர், ஏழு பேர் என்று பையன்கள் தங்கியிருக்கிறார்கள். ஒருவன் எழுந்து வேலைக்குப் போனால் அதே பாயில் இன்னொருவன் படுப்பான். இவர்களெல்லாம் இருபது, இருபத்தைந்து வயதுக்காரர்கள். இந்த வயதில் யாரும் ரத்தக் கொதிப்பு பார்த்துக்கொள்வதில்லை, நாமும் பார்ப்பதில்லை.

இவனுக்கு என்ன தொந்தரவு? திடீரென்று தலை பிளக்கிறது போல வலி. நெஞ்சு படபடவென்று அடிக்கும். சட்டை பிழிகிற அளவுக்கு வியர்க்கும். முகம் சுண்ணாம்பாய் வெளுத்துவிடும். கால் மணி நேரம், அரை மணி நேரம் இருக்கும், பிறகு தானாகவே போய்விடும். அதன்பின் ஒன்றுமே நடவாதது போல் இருப்பான். ராத்திரி ஷிப்டில் இப்படி வந்தபோது சூப்பர்வைசர் குடித்திருக்கிறான் என்று நினைத்தார். அறையில் இருந்தவர்கள் காத்து கருப்பு என்றார்கள். ஊரில் தாயத்து கட்டினார்கள். கூட இருந்த ஒரு விசுவாசப் பிள்ளை அவனை ஒரு ஜெபக் கூட்டத்துக்கு அழைத்துக்கொண்டு போக, அங்கேயும் அசுத்த ஆவி என்றே சொன்னார்கள். இதைச் சொல்வதற்கு எனக்குச் சங்கடமாகத்தான் இருக்கிறது. ஜெபித்தது தவறல்ல. ஜெபித்தவர்கள் கையோடு ஒரு பி.பி. பார்த்திருக்கலாம் என்றுதான் சொல்கிறேன்.

அவர்களை மாத்திரம் ஏன் சொல்ல வேண்டும்? அவன் நம்மிடம் இரண்டு தரம் வந்திருக்கிறான், இரண்டு தரமும் நான்தான் பார்த்தேன். வந்த நேரத்தில் அவன் நன்றாயிருந்தான். தூக்கமின்மை, ராத்திரி வேலை, மனப்பதற்றம் என்று எழுதி நரம்புக்கு மாத்திரை கொடுத்து அனுப்பினேன். இடையில் வேறு எங்கோ படபடப்புக்கென்று ஒரு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். இருதயத் துடிப்பைக் குறைக்கும் சாதாரண மாத்திரை. அதைச் சாப்பிட்ட நாள் முதல் தலைவலி இரண்டு மடங்காயிற்று. நான் அவர்களைக் குறை கூற மாட்டேன். அந்த நிலையில் நானும் அதையே எழுதியிருக்கக்கூடும்.

மூன்றாம் தரம் வந்தபோது, புறநோயாளிப் பிரிவில் நம்முடைய சிஸ்டர், "டாக்டர், இந்தத் தம்பி வரிசையில் உட்கார்ந்திருந்தபோது முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். இன்றைக்கு முழுவதும் பரிசோதித்துவிட்டு அனுப்புங்கள்" என்றார்கள். கட்டிலில் படுக்கவைத்து வயிற்றை அழுத்திப் பார்த்தேன். வலது விலாவுக்குக் கீழே கொஞ்சம் ஆழமாக அழுத்தினதுதான் தாமதம், அவன் "ஐயோ, வருது டாக்டரம்மா" என்றான். கண்ணெதிரே வியர்வை முத்து முத்தாய் நெற்றியில் எழும்பிற்று. சிஸ்டர் பி.பி. பட்டையைச் சுற்றினார்கள். 230க்கு 130. கையை எடுத்துவிட்டுக் காத்திருந்தோம். இருபது நிமிஷத்தில் 140க்கு 90 ஆகிவிட்டது.

வேலூரில் மாணவியாய் இருந்தபோது பரீட்சைக்காகப் படித்த ஒரு பக்கம் அப்போதுதான் என் மனதில் வந்தது.

நம்முடைய இரண்டு சிறுநீரகங்களின் மேலும் தொப்பி வைத்தது போல ஒரு சிறு சுரப்பி இருக்கிறது. அட்ரீனல் சுரப்பி என்பார்கள். ஒவ்வொன்றும் நாலைந்து கிராம்தான் இருக்கும். நாய் துரத்தும்போது நமக்கு ஓடப் பெலன் கொடுக்கிற அட்ரீனலின் அங்கேதான் சுரக்கிறது. அந்தச் சுரப்பியின் உட்பகுதியில் அபூர்வமாய் ஒரு கட்டி வளரும். ஃபியோகுரோமோசைட்டோமா என்று பெயர். வாயில் நுழையாது, விட்டுவிடுங்கள். 10 லட்சம் பேரில் ஒரு வருஷத்துக்கு ஒரு சிலருக்கே வரும். ரத்தக் கொதிப்புக்காரர்கள் ஆயிரம் பேரை எடுத்துப் பார்த்தால் இரண்டு முதல் ஆறு பேருக்கு இது காரணமாயிருக்கும். பெரும்பாலும் புற்றுநோய் போல மற்ற இடங்களுக்குப் பரவுவதில்லை. ஆனாலும் சாதுவானதல்ல. நாய் துரத்தாமலே, புலி துரத்தாமலே, அது நினைத்த நேரத்தில் அட்ரீனலினையும் அதன் கூட்டாளிகளையும் ரத்தத்தில் கொட்டும்.

இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு இதை விளக்குவது சுலபம். 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிட்டபோது அடையாற்றங்கரையில் என்ன நடந்தது என்று நீங்கள் எல்லாரும் பார்த்தீர்கள். ஏரி தளும்பி நிற்கிறது. கீழே கால்வாய் குறுகிக் கிடக்கிறது. அந்த நேரத்தில் மதகு திறந்தால் ஊர் மூழ்கும். இந்தக் கட்டியும் அப்படித்தான். குனிந்தால் திறக்கும், வயிற்றை அழுத்தினால் திறக்கும், மயக்க மருந்து கொடுத்தால் திறக்கும், சர்ஜன் கை பட்டால் முழுவதுமாய்த் திறந்துவிடும். மூளையில் ரத்தக் குழாய் வெடிக்கலாம், இருதயம் நின்றுபோகலாம்.

சந்தேகப்பட்டால் போதாது, நிரூபிக்க வேண்டும். அதற்கு 24 மணி நேரச் சிறுநீரை ஒரு சொட்டு விடாமல் சேர்த்து, மெட்டாநெஃப்ரின் என்ற பொருள் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ரத்தத்திலும் பார்க்கலாம். ஆறு பேர் தங்கும் அறையில் 24 மணி நேரச் சிறுநீர் சேர்ப்பது என்றால் சாதாரணமல்ல. ஆசிட் ஊற்றிய ஐந்து லிட்டர் கேனைக் கொடுத்து, பத்திரம் தம்பி என்று அனுப்பினோம். மறுநாள் கையை வீசிக்கொண்டு வந்தான். அறையைக் கழுவின நண்பன் ஏதோ கெட்டுப்போன தண்ணீர் என்று கொட்டிவிட்டானாம்! இரண்டாம் முறை அவனை இங்கேயே ஒரு நாள் தங்கவைத்துச் சேகரித்தோம். அளவு இருக்க வேண்டியதைவிடப் பல மடங்கு இருந்தது. காஞ்சிபுரத்தில் எடுத்த சி.டி. ஸ்கேனில் வலது அட்ரீனலில் நாலரை சென்டிமீட்டர் கட்டி. எலுமிச்சம்பழ அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டி இருக்கிற இடம் தெரிந்துவிட்டது, எடுத்துவிட வேண்டியதுதானே என்று தோன்றும். அவனும் அதையேதான் கேட்டான்: "நாளைக்கே அறுத்துடுங்க டாக்டரம்மா. வெள்ளிக்கிழமை ஷிப்டுக்குப் போகணும்."

அறுவைதான் சிகிச்சை, அதில் சந்தேகமில்லை. மாத்திரையால் இந்தக் கட்டி கரையாது. எங்கே செய்வது என்பதிலும் குழப்பமில்லை. நம்முடைய அறுவை அரங்கில் செய்யத் துணியக்கூடாது. நாளமில்லாச் சுரப்பி அறுவைக்கென்று தனித்துறை உள்ள இடங்கள் நம் தேசத்தில் கொஞ்சம்தான். லக்னோவில் சஞ்சய் காந்தி நிறுவனத்தில் இருக்கிறது. சென்னையில் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் இருக்கிறது. இதே நெடுஞ்சாலையில் மேற்கே போனால் வேலூர் சி.எம்.சி. 1900இல் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒரே படுக்கையோடு தொடங்கின இடத்தில் இன்றைக்கு இந்த அபூர்வக் கட்டிகளை அறிந்த மருத்துவர்களும், சர்ஜன்களும், மயக்க மருந்து நிபுணர்களும் ஒரே கூரையின் கீழ் இருக்கிறார்கள். இந்த வியாதிக்கு அப்படி ஒரு கூட்டம் வேண்டும். நாங்கள் அங்கேதான் எழுதிக் கேட்டோம். அவர்கள் சொன்ன முதல் காரியம்: அவசரப்படாதேயுங்கள். முதலில் மாத்திரை, பிறகு கத்தி.

இதன் பின்னணியில் ஒரு சரித்திரம் இருக்கிறது. 1926இல் அமெரிக்காவின் ராச்செஸ்டர் பட்டணத்தில் சார்லஸ் மேயோ என்ற பேர்பெற்ற சர்ஜன், இதேவிதமான தாக்குதல்களால் அவதிப்பட்ட ஒரு கன்னியாஸ்திரீக்கு அறுவை செய்தார். உள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்கு முன்கூட்டித் தெரியாது. வயிற்றைத் திறந்து பார்த்தபோதுதான் கட்டியைக் கண்டார். அந்த அம்மாள் பிழைத்துக்கொண்டார்கள். அதே வருஷம் சுவிட்சர்லாந்தில் லோசான் பட்டணத்தில் சேசார் ரூ என்பவரும் இப்படி ஒன்றை எடுத்தார், அந்த நோயாளியும் பிழைத்தார். ஆனால் அவர்களுக்குப் பின்வந்த காலத்தில் எல்லாரும் பிழைக்கவில்லை. கத்தி பட்டதும் கொதிப்பு ஏறி மேஜையிலேயே போனவர்களும், கட்டியை எடுத்த மறு நிமிஷம் கொதிப்பு அடியோடு விழுந்து போனவர்களும் அநேகர். இன்றைக்கு அனுபவமுள்ள இடங்களில் 100 பேரில் ஒருவர் இருவரைக்கூட இழப்பது அபூர்வம். கத்தி கூர்மையானதால் மாத்திரம் இந்த மாற்றம் வரவில்லை. அறுவைக்கு முந்தின இரண்டு வாரத்துக்கு அதில் பெரிய பங்கு உண்டு.

அந்த இரண்டு வாரத்தில் என்ன செய்கிறோம்? கால்வாயை அகலப்படுத்துகிறோம். ரத்தக் குழாய்களைச் சுருங்கச் செய்யும் வாசல்களுக்கு ஆல்ஃபா என்று பெயர். அந்த வாசல்களை அடைக்கும் மாத்திரை ஃபினாக்சிபென்சமின். அல்லது எளிதாகக் கிடைக்கும் பிராசோசின். கொஞ்சமாய் ஆரம்பித்து, நாளுக்கு நாள் கூட்டி, ஏழு முதல் பதினான்கு நாள். குழாய்கள் விரிய விரிய உள்ளே ரத்தத்தின் அளவு போதாமற்போகும். ஆகையால் நிறையத் தண்ணீரும் நிறைய உப்பும் கொடுக்கிறோம். இந்த உப்பு விஷயத்தில் அவனுடைய அப்பாவைச் சம்மதிக்க வைப்பதற்குள் எங்களுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. "கொதிப்புக்காரனுக்கு உப்பைக் குறைன்னுதானே எல்லா டாக்டரும் சொல்றாங்க? நீங்க மோருல ரெண்டு பங்கு போடச் சொல்றீங்களே!" என்று நம் சமையற்காரம்மாவிடம் சண்டைக்கே போய்விட்டார். மற்ற ரத்தக் கொதிப்புக்கு அவர் சொன்னதுதான் சரி. இதற்கு மட்டும் நேர்மாறு. தயவுசெய்து வீட்டில் யாரும் இதைப் பார்த்து உப்பைக் கூட்டிவிடாதேயுங்கள்.

மாத்திரை வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம் உண்டு. படுத்திருந்து எழுந்தால் தலை சுற்றும். மூக்கு அடைத்துக்கொள்ளும். நோயாளி அதைக் குறை சொல்லும்போது நாங்கள் சந்தோஷப்படுவோம். உட்கார்ந்த நிலையில் 130க்கு 80க்குள் வர வேண்டும். நிற்கும்போது மேல் அளவு 90க்குக் கீழே போகக்கூடாது. இதன்பின்னும் இருதயம் வேகமாய் அடித்தால்தான் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை. அதை முதலில் கொடுத்துவிட்டால், குழாய்கள் விரிவதற்கு இருந்த கொஞ்சநஞ்ச வழியும் அடைபட்டு, கொதிப்பு இன்னும் ஏறும். முன்பு இவனுக்கு நேர்ந்தது அதுதான்.

இப்போது காத்திருப்பு நிதிக்கு வருகிறேன்.

முதலில் நாங்கள் அவனை வார்டில் சேர்க்கவில்லை. மாத்திரையைக் கொடுத்து, அறையிலேயே இரு, வேலைக்குப் போகாதே, மூன்று நாளைக்கு ஒருமுறை வா என்றோம். இரண்டு முறை வந்தான். மூன்றாம் முறை வரவில்லை. போன் அடித்தால் எடுக்கவில்லை. சிஸ்டர் தன் டியூட்டி முடிந்து, யாரையும் கேட்காமல் சுங்குவார்சத்திரத்துக்கு பஸ் ஏறிப் போனார்கள். சந்து சந்தாய் விசாரித்து அறையைக் கண்டுபிடித்தால், அவன் கம்பெனிச் சட்டையைப் போட்டுக்கொண்டு ராத்திரி ஷிப்டுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தான். மாத்திரையை நிறுத்தி நாலு நாள் ஆகியிருந்தது.

"தலை சுத்துது சிஸ்டர். மெஷின் முன்னாடி நிக்க முடியலை. அதனால மாத்திரையை நிறுத்திட்டேன்."

"வேலைக்கே போகக்கூடாதுன்னுதானே தம்பி சொன்னோம்?"

"மூணு நாள் வரலைன்னா வேற ஆளைப் போட்டுடுவேன்னு கான்ட்ராக்டர் சொல்லிட்டாரு. அப்பா வாங்கின கடனுக்கு மாசா மாசம் நான்தான் கட்டணும்."

பிரஸ் மெஷினுக்கு முன்னால், எந்த நேரமும் 230க்கு ஏறக்கூடிய கொதிப்போடு நிற்கிறான். அவன் முட்டாளல்ல. கணக்குப் போட்டுத்தான் செய்தான். சிகிச்சை என்றால் ஊசியோ கத்தியோ இருக்க வேண்டும், சும்மா மாத்திரை போட்டு உப்பு மோர் குடித்துக்கொண்டு படுத்திருப்பது அவன் கண்ணுக்குச் சிகிச்சையாகவே தெரியவில்லை. சீரியா தேசத்துப் படைத்தலைவன் நாகமான் யோர்தானில் ஏழுதரம் முழுகச் சொன்னபோது கோபங்கொண்டது இதற்காகத்தான். அவனுக்காவது இரதமும் வேலைக்காரரும் இருந்தார்கள், ஏழு தரம் முழுகி எழுந்திருக்கிற வரைக்கும் சம்பளம் போய்விடுமோ என்ற பயம் இல்லை.

தொழிலாளருக்கு இ.எஸ்.ஐ. இருக்கிறதே என்று கேட்பீர்கள். நல்ல ஏற்பாடு, நான் அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். தகுதியுள்ள தொழிலாளி வியாதியாய்ப் படுத்தால் வருஷத்துக்கு 91 நாள் வரைக்கும் சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். ஆனால் அதற்கு முந்தின ஆறு மாதக் கணக்கில் 78 நாளாவது சந்தா கட்டியிருக்க வேண்டும். பயிற்சியாளர் சட்டத்தின்கீழ் பயிற்சியாளராகச் சேர்க்கப்பட்டவர்களுக்கு அது பொருந்தாது. இவன் ஒரு வருஷம் பயிற்சியாளன், பிறகு ஒரு கான்ட்ராக்டரிடம் இரண்டு மாதம். ஏட்டில் அவன் எங்கேயும் பொருந்தவில்லை. அறுவைச் செலவுக்கு அங்கே கொஞ்சம் இங்கே கொஞ்சம் என்று வழி பிறந்தது. காத்திருக்கும் நாட்களுக்குத்தான் ஒருவரிடத்திலும் தலைப்பு இல்லை. அந்தத் தலைப்பை நாம்தான் வைத்தோம்.

அன்று ராத்திரியே சிஸ்டர் அவனைக் கையோடு அழைத்துக்கொண்டு வந்தார்கள். நாட்களை மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தோம். இந்த முறை நம் ஆண்கள் வார்டில், ஜன்னல் ஓரக் கட்டில். உங்கள் காணிக்கையிலிருந்து அவனுடைய அந்த மாதக் கடன் தவணை கட்டப்பட்டது. அறையில் அவன் பங்கு வாடகை கொடுக்கப்பட்டது. ஊரிலிருந்து வந்த தகப்பனாருக்குச் சாப்பாடும், வேலூருக்குப் பஸ் செலவும், அங்கே தங்க ஒரு சிறு அறையும். மருந்தின் விலை இவை எல்லாவற்றையும்விடக் குறைவு. அந்தப் பெரியவர் என்னிடம் கேட்டது சரிதான். ஆமாம் ஐயா, சும்மா படுத்திருக்கிறவனுக்குத்தான் காசு கொடுத்தோம். அந்தப் படுக்கைதான் மருந்து.

பதினைந்தாம் நாள் மூக்கடைப்போடு வேலூருக்குப் போனான். சிறு துளைகளின் வழியே கருவிகளைச் செலுத்திக் கட்டியை எடுத்தார்கள். 1992இல் கனடாவில் முதன்முதலாய் விவரிக்கப்பட்ட முறை இது. கட்டி ரொம்பப் பெரிதாயிருந்தாலோ அக்கம்பக்கத்தில் ஒட்டியிருந்தாலோ வயிற்றைத் திறந்துதான் செய்ய வேண்டும். அங்கிருந்து வந்த குறிப்பைப் படித்துப் பார்த்தேன். கட்டியைத் தொட்டபோது கொதிப்பு 190 வரைக்கும் போயிருக்கிறது, மருந்து கொடுத்து உடனே இறக்கியிருக்கிறார்கள். ரத்தநாளத்தைக் கட்டின மறு நிமிஷம் 85க்கு விழுந்திருக்கிறது. மதகு மூடினதும் கால்வாய் வற்றுகிறது அல்லவா? அதற்கும் ஆயத்தமாயிருந்தார்கள். ஒரு ராத்திரி தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்து, கொதிப்பையும் சர்க்கரையையும் மணிக்கு மணி பார்த்தார்கள், ஏனென்றால் சர்க்கரையும் திடீரென்று இறங்கக்கூடும். ஐந்தாம் நாள் நடந்து வெளியே வந்தான். ஒரு பக்கத்து அட்ரீனல் போனாலும் மறுபக்கம் போதும். இரண்டு பக்கமும் கட்டி வந்தவர்களுக்குத்தான் கஷ்டம். சுரப்பியின் வெளிப்பகுதியில் கொஞ்சமாவது மிச்சம் வைக்கப் பார்ப்பார்கள், முடியாவிட்டால் ஆயுள் முழுவதும் ஸ்டீராய்டு மாத்திரை.

எல்லாருக்கும் இப்படி நல்லபடியாய் முடிவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். சிலருக்கு எலும்பிலும் ஈரலிலும் பரவியிருக்கும். அவர்களுக்கு ஊசி மூலம் செலுத்தும் கதிரியக்க அயோடின் உண்டு, லுடீசியம் என்ற மற்றொரு கதிரியக்க மருந்து உண்டு, பழைய புற்றுநோய் மருந்துகளின் கூட்டும் உண்டு. சுனிடினிப் என்ற மாத்திரையை ஐரோப்பாவில் 78 நோயாளிகளிடம் சோதித்து, வியாதி முற்றுவதைக் கொஞ்ச காலம் தள்ளிப்போடுகிறது என்று 2024இல் அறிவித்தார்கள். 2025 மே மாதம் பெல்சுடிஃபான் என்ற மாத்திரைக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இவையெல்லாம் வியாதியைக் கட்டிப்போட முயலுகிறவை. வேரோடு பிடுங்குகிறவை அல்ல. நம் நோயாளிகளின் கைக்கு எட்டும் விலையிலும் எல்லாம் இல்லை.

அவன் ஆலயத்துக்கு வருகிறானா என்று உங்களில் சிலர் கேட்க நினைப்பீர்கள். போகும்போது வார்டில் எல்லாருக்கும் லட்டு கொடுத்தான், சிஸ்டர் காலில் விழப்போனான், சிஸ்டர் பயந்து பின்னுக்கு ஓடிப்போனார்கள். அதற்குமேல் நான் கேட்கவில்லை. படுக்கையில் கிடக்கிறவனிடம் கேட்கிற கேள்வி அதுவல்ல என்று எனக்குக் கற்பித்தவர்கள் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

கதை இதோடு முடியவில்லை. இந்தக் கட்டியை முதன்முதலில் 1886இல் ஜெர்மனியில் ஃப்ரெங்கல் என்ற மருத்துவர் விவரித்தார். நோயாளி 18 வயதுப் பெண், இரண்டு பக்கமும் கட்டி, திடீரென்று இறந்துபோனாள். 2007இல், அதாவது 121 வருஷம் கழித்து, அந்தப் பெண்ணின் குடும்பத்து வழியினரைத் தேடிக் கண்டுபிடித்துச் சோதித்தபோது, அவர்கள் மரபணுவில் அந்தக் கோளாறு இன்னமும் இருந்ததாம். இந்தக் கட்டி வருகிற பத்துப் பேரில் மூன்று நான்கு பேருக்கு அது குடும்பத்தில் வருவது என்று இன்றைக்கு அறிந்திருக்கிறோம். ஆகவேதான் வேலூரில் இவனுடைய ரத்தத்தை மரபணுச் சோதனைக்கு அனுப்பினார்கள். வி.ஹெச்.எல். என்ற மரபணுவில் கோளாறு என்று பதில் வந்தது. இது இருந்தால் கண்ணில், மூளையில், சிறுநீரகத்திலும் கட்டி வரலாம். ஆகையால் அவன் உயிருள்ளவரை வருஷா வருஷம் சோதித்துக்கொள்ள வேண்டும்.

அப்பாவைக் கூப்பிட்டுக் குடும்பத்தில் யாருக்காவது இப்படி உண்டா என்று கேட்டேன். வெகு நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளைகளின் தாய் மூன்றாம் பிரசவத்தில் இறந்தாளாம். தலைவலி என்று கத்தினாளாம், வேர்த்துக் கொட்டிற்றாம். ஜன்னி என்று சொன்னார்களாம். அது ஜன்னியாகவே இருந்திருக்கலாம். இப்போது அதை யாரும் சொல்ல முடியாது.

அவனுக்கு ஒரு தங்கை உண்டு, 22 வயது. அவளும் இந்தப் பக்கத்தில்தான் மின்னணுச் சாமான்கள் பூட்டும் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். அந்தக் கோளாறு அவளுக்கும் இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. வீட்டில் வரன் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். "ஊசி குத்தி ரத்தத்துல குறை இருக்குன்னு எழுதிக் கொடுத்துட்டா, பொண்ணு பாக்க வர்றவங்ககிட்ட என்னன்னு சொல்றது?" என்று அத்தை கேட்டாள். அப்பாவும் வேண்டாம் என்றார். நான் வற்புறுத்தவில்லை. ஒரு தாளில் எல்லாவற்றையும் தமிழில் எழுதி அவள் அண்ணனிடம் கொடுத்தனுப்பினேன்.

மூன்று வாரம் கழித்து, காலை ஷிப்ட் முடிந்து, கம்பெனிப் பஸ்ஸிலிருந்து நம் வாசலில் இறங்கித் தனியாக வந்தாள். அந்தத் தாளை நாலாய் மடித்துப் பையில் வைத்திருந்தாள். "தெரிஞ்சுக்கிட்டா ஏதாவது செய்ய முடியுமா டாக்டரம்மா? இல்ல, தெரிஞ்சுக்கிட்டு அழறதுக்கு மட்டும்தானா?" என்று கேட்டாள்.

செய்ய முடியும் என்றேன். கோளாறு இல்லையென்றால் இனி இந்தப் பயமே வேண்டாம். இருந்தால் வருஷத்துக்கு ஒருமுறை கண்ணையும், மெட்டாநெஃப்ரினையும், ஸ்கேனையும் பார்த்து, கட்டி சிறியதாயிருக்கும்போதே எடுக்கலாம். பிள்ளை உண்டாகுமுன் பார்த்துக்கொண்டால், பிரசவ மேஜையில் திடீரென்று ஒன்றும் வராது. கடைசியாய்ச் சொன்னதைக் கேட்டபோதுதான் அவள் அழுதாள். தாயை நினைத்தாளாக்கும். பிறகு கையை நீட்டினாள். சிஸ்டர்தான் ரத்தம் எடுத்தார்கள். அன்றைக்கு அவளுடைய பி.பி. 118க்கு 76.

இதை உங்களிடம் சொல்ல அவளே சம்மதம் கொடுத்தாள். ரிப்போர்ட் வர இன்னும் இரண்டு வாரம் ஆகும். ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள், பெயர் வேண்டாம், ஆண்டவருக்குத் தெரியும்.

தேநீருக்குப் பிறகு பொருளாளர் ஐயா கணக்கை வாசிப்பார்கள். அந்தத் தலைப்பு நான்காம் பக்கத்தில் இருக்கிறது. நானும் சிஸ்டரும் பின்வரிசையில் உட்கார்ந்திருப்போம், கேட்க வேண்டியதை எங்களிடம் கேளுங்கள்.